பிசிறுப் போர்வை

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. என் நைட்டியின் ஓரம் நைந்து பிசிறாக நிற்கும் இடத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தால்தான் அவளுக்கு மதியத் தூக்கம் வரும். நானோ திங்கட்கிழமை முதல் ஷிப்டில் மறுபடி வேலைக்குச் சேர வேண்டும், சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கம்பெனியில். முதல் வாரம் என் கணவர் லீவு போட்டுப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. நான் இல்லாமல் அவள் எப்படித் தூங்குவாள் என்ற கவலையில் எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து ஷெனீல் போர்வை தைக்கும் வீடியோ ஒன்று போனில் வந்து தொலைத்தது. அடியில் ஒரு கெட்டித் துணி, அதன்மேல் மூன்று பருத்தித் துணி. நான்கையும் சேர்த்து மூலைக்கு மூலை சாய்வாக, விரலகலத்துக்கு ஒரு தையல் ஓட்ட வேண்டும். பிறகு தையல்களுக்கு நடுவே மேல் மூன்றை மட்டும் வெட்டிவிட்டு, துவைத்து உதறினால், வெட்டிய ஓரமெல்லாம் புசுபுசுவென்று எழுந்து நிற்கும். போர்வை முழுக்க நைந்த நைட்டி! என் மகளுக்காகவே யாரோ கண்டுபிடித்ததாகத் தோன்றியது.

வெட்டுவதற்கென்றே ஒரு கருவியை ஆன்லைனில் வரவழைத்தேன். சோமாஸ் வெட்டும் சக்கரக் கரண்டி மாதிரி இருக்கும், கீழே தட்டையாக ஒரு நாக்கு. அந்த நாக்கு அடித்துணிக்கு மேலே நுழைந்து போவதால் அடித்துணி தப்பித்துவிடும் என்றார்கள். அவர்கள் வீட்டில் தப்பித்தது. என் வீட்டில் ஒரு சாண் போவதற்குள் முட்டிக்கொண்டு நின்றது. கொஞ்சம் அழுத்தினேன், நான்கும் சேர்ந்து கிழிந்தது. ஒட்டுப் போட்டேன். அடுத்த வரிசையிலும் அதே கூத்து. கைப்பிடி வேறு உள்ளங்கையைப் புண்ணாக்கியது. வீடியோவில் அந்தம்மா சிரித்துக்கொண்டே வெட்டினார். நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன். என் மூன்று நைட்டியையும் ஒரு முழு வாரத்தையும் தின்றுவிட்டு, சனிக்கிழமை ஒருவழியாக முடிந்தது. துவைத்துக் காயப்போட்டால் உண்மையிலேயே புசுபுசுவென்று வந்துவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை.

என் கணவருக்குக் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. இரும்பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை அங்கே பர் என்பார்கள். அதைத் தேடித் தேடி எடுப்பதுதான் பத்து வருடமாக அவர் பிழைப்பு. வீட்டிலும் தட்டு, டம்ளர், ஜன்னல் என்று எதன் ஓரத்தையும் தடவிப் பார்க்காமல் விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் கறி வாங்கிக்கொண்டு திரும்பினால், மனிதர் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு, நூல் வெட்டும் கத்தரியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு கேரி பேக் நிறைய பஞ்சு.

"இன்னா தச்சிகீற நீ? லைனுக்கு லைன் பர் தூக்கிகினு கீது. எல்லாத்தையும் எடுத்துட்டேன். தடவிப் பாரு."

"யோவ், அதான்யா போர்வையே! அதுக்குத்தான் ஒரு வாரமா கையப் புண்ணாக்கிகினு உக்காந்திருந்தேன்!"

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

சொல்லிவிட்டுப் போக வேண்டுமாம். எந்த வீட்டில் போர்வைக்கு இன்ஸ்பெக்‌ஷன் நடக்கிறது? அன்றைய கறியில் உப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை. அவர் தட்டின் ஓரத்தைக்கூடத் தடவாமல் சாப்பிட்டு எழுந்தார்.

திங்கட்கிழமை கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்ற எட்டு மணி நேரமும் அவள் அழுகைதான் காதில் கேட்டது. உள்ளே போன் கூடாது. மூன்று மணிக்குக் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். போர்வையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு அவர் பாயில் மல்லாந்திருந்தார். மகள் அவர் வயிற்றின் மேல் குப்புறப் படுத்து, அவர் காது மடலைப் பிடித்தபடி எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அழுதாளா?"

"இல்லியே. பன்னண்டரைக்கே தூங்கிட்டா."

"என்னைக் கேட்டாளா?"

"கேக்கவே இல்ல. நீதான் சும்மா பயந்துகினு கெடந்த."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்தான். ஒரு தடவைகூடவா கேட்கவில்லை? குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று குரலை அடக்கிக்கொண்டு, போர்வைக்காகத் திட்டியதைவிட இரண்டு மடங்கு அவரைத் திட்டித் தீர்த்தேன்.