தண்ணீர் மட்டும் தூரம்

அடையாறில் நான் மளிகை வாங்கும் கடையில் இப்போது தினையைப் பளபளப்பான பையில் போட்டு விற்கிறார்கள். பையின்மேல் ஒரு பச்சைக்கிளி படம். தினைக்கும் கிளிக்கும் ஜென்மப் பகை என்பது படம் போட்டவருக்குத் தெரியாது போலிருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் வாங்கி வந்தேன். வீட்டில் பையைப் பிரித்து அந்த உமி வாசனை மூக்கில் ஏறியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். தங்கியது தி.நகரில், மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில். தமிழ் எம்.ஏ. என்ற தலைக்கனம் உண்டு. கையில் எந்நேரமும் சிவப்புப் பேனா. மெஸ்ஸில் தொங்கும் மெனு அட்டையைக்கூட விட்டுவைத்ததில்லை. சாம்பாரைத்தான் திருத்த முடியவில்லை, எழுத்தையாவது திருத்துவோமே என்றுதான்.

என் அறைத்தோழி கலா ஒரு மருந்துக் கம்பெனியில் டைப்பிஸ்ட். அங்கேயே பார்சல் கட்டும் பிரிவில் இருந்த செல்வத்தின்மேல் அவளுக்கு ஆசை. ஊரில் அப்பா ஒரு வரன் பார்த்து, பதில் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்து செல்வம் ஒரு கவிதை எழுதிக் கொடுத்துவிட்டான். அவள் அதை என்னிடம் நீட்டினாள்.

"நீதான் இதெல்லாம் படிச்சிருக்கியே. நெஜமாத்தான் சொல்றானா, இல்ல ஏமாத்தறானா, பாத்துச் சொல்லேன்."

எங்கள் மலையில் தினை முற்றிவிட்டது, கிளி ஓட்ட ஆளில்லை, தேன் உண்டு, கூரை புதிதாக வேய்ந்தாயிற்று, தண்ணீர் மட்டும் தூரம், வருவாயா? ஏறக்குறைய இப்படித்தான், ஆறே வரி.

எனக்கு ஒரே குஷி. பழைய காதல் பாட்டுகளில் தினைப்புனம் காக்கிற பெண்ணிடம் மலைநாட்டுக்காரன் வந்து இப்படித்தானே பேசுவான்! கைவிடாதவனும் அதே தேனைச் சொல்வான், கைவிட்டுப் போகிறவனும் அதையேதான் சொல்வான். எது எதென்று பார்த்துச் சொல்ல வேண்டியவள் தோழி. அந்த உத்தியோகம் எனக்கே கிடைத்துவிட்டது.

"தினை, கிளி, தேன்... எல்லாம் மயக்கற பேச்சுடி. இவனுக்கு ஏது மலை?"

"திருவண்ணாமலைப் பக்கம்னு சொன்னான்."

"அது சாமி மலை. அதுல யாருடி தினை போடறா?"

பழக்கதோஷம், பேனா தானாக ஓடியது. 'தண்ணீர் மட்டும் தூரம்' என்ற வரியை அடித்து, ஓரத்தில் 'அழகைக் கெடுக்கிறது' என்று எழுதினேன். கலா அந்தத் தாளை அப்படியே அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டானாம். லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். இவள் வரனுக்குச் சரி என்றாள். நிச்சயமும் முடிந்தது.

அடுத்த வாரம் வாட்ச்மேன் ஒரு துணி மூட்டையோடு வந்தார்.

"ஒரு ஆளு இத்த கலாம்மா கைல குடுக்கச் சொல்லிட்டுப் போய்க்கினே இருக்காரு. நில்லுப்பான்னா நிக்கல."

மூட்டை நிறையத் தினை. உள்ளே ஒரு சீட்டு. திருவண்ணாமலைப் பக்கத்து ஜவ்வாது மலையில் அவர்கள் காட்டில் விளைந்ததாம். தங்கை கிளி ஓட்டினாளாம், அம்மா கொடுத்தனுப்பினாளாம். அதன் கீழே எழுதியிருந்தான்: 'அந்த வரி அழகாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் தூரம்தான். அதைச் சொல்லாமல் எப்படிக் கூப்பிடுவது?'

மயக்க வருகிறவன் எவனாவது தண்ணீர் தூரம் என்று சொல்வானா? அவனை நம்புவதற்கு அந்த ஒரு வரி போதும். நான் அதைத்தான் அடித்தேன்.

"உங்கப்பாகிட்ட நான் வந்து பேசட்டுமா?" என்றேன்.

"பத்திரிகை அடிச்சாச்சு, விடு" என்றாள் கலா.

செல்வம் வேலைக்குத் திரும்பவேயில்லை. மெஸ் அக்கா அந்தத் தினையில் கஞ்சி காய்ச்சினாள். கலாகூடக் குடித்தாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

கல்யாணமாகி அவள் வேளச்சேரிக்குக் குடிவந்தாள். ஒரு கோடையில் பார்க்கப் போனால், லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறாள். ஆளுக்கொரு குடத்தோடு மூன்று மாடி ஏறினோம். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றவள், "இங்க மட்டும் தண்ணி கிட்டக்கவா இருக்கு?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

விடுதி இருந்த இடத்தில் இப்போது நகைக்கடை. அச்சகத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். கலாவும் வேறு ஊருக்குப் போய், கடிதம் நின்று, விலாசமும் கைவிட்டுப் போயிற்று. நான் கோடு போட்ட தாளைச் செல்வம் வைத்திருக்கிறானா, கிழித்துப் போட்டானா, யாரைக் கேட்பது? அதிலிருந்த வரிகளில் எனக்குச் சரியாக ஞாபகம் இருப்பது நான் அடித்த அந்த ஒன்றுதான்.