வலப்பக்கம் பல் இல்லாத முத்திரை

என் கணவர் பினாங்குத் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். சுவாசப்பையில் நோய் கண்டு வேலையை விட்டபோது எங்களுக்குக் கலியாணமாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. படுக்கையை ஜன்னலோரம் மாற்றிப் போட்டேன். அவருக்கு மிஞ்சியிருந்த ஆசை தபால்முத்திரை சேர்ப்பது. கை நடுங்கத் தொடங்கியதால் சாமணத்தால் முத்திரையை இடுக்கித் தூக்குவதும், பூதக்கண்ணாடி பிடிப்பதும் என் வேலையாயிற்று.

பினாங்கு வீதியில் காகிதக்கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பர் ஒருவர் பழைய கடித உறைகளைக் கட்டாகக் கொண்டுவந்து தருவார். அப்படி வந்ததில் ஒரு புலி முத்திரை இருந்தது. பாயும் புலி, அக்கரையில் மலாய் நாடுகளில் எல்லாரும் ஒட்டுகிற சாதாரண முத்திரைதான். ஆனால் மற்றப் பக்கங்களில் துளை வழியே கிழிந்த பல் இருக்க, வலப்பக்கம் மட்டும் வழவழவென்று நேராக இருந்தது.

"இஞ்சை பாரும், மெஷின் ஒரு வரிசை துளை போடாமல் விட்டிட்டுது," என்றார். "இப்பிடி ஒண்டு ஆரிட்டையும் இராது."

அன்று அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி முழுவதையும் குடித்தார்.

அவர் தூங்கும்போது, அதே புலி போட்ட இன்னொரு முத்திரையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். துளைதான் விழாமல் போயிருந்தால், பல்லின் நுனிவரைக்குமாவது காகிதம் இருக்க வேண்டும். இதுவோ ஒடுங்கியிருந்தது. உறையிலிருந்து நறுக்கி எடுத்தவர் யாரோ கத்தரிக்கோலைப் பல்லுக்கு உள்ளே ஓட்டிவிட்டார்.

சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சிங்கப்பூரில் முத்திரை சேர்க்கிற ஒருவருக்கு இதைப்பற்றி எழுதவேண்டும் என்று அவர் காகிதம் கேட்டபோது, அந்த மனிதர் சிரித்துவிடுவாரே என்று பயந்தேன்.

"அது மெஷின் விட்ட பிழை இல்லை. ஆரோ வெட்டிப்போட்டினம். மற்றதோடை வைச்சுப் பாருங்கோ."

நெடுநேரம் பார்த்தார். "ஓம், ஒடுங்கித்தான் கிடக்கு," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் நான் விளக்கேற்ற வந்தபோது கேட்டார்.

"நீர் இதை எப்ப கண்டனீர்?"

"முந்தநாள்."

"ஏன் சொல்லேல்லை?"

"உங்கடை முகத்தைப் பார்க்கச் சொல்ல வரேல்லை."

அவர் என் கையைப் பிடித்தார். "டாக்டர் சொன்னதையும் அப்பிடித்தான் வைச்சிருக்கிறீர். அதையும் சொல்லும்."

இனி மருந்தால் ஆவதொன்றுமில்லை என்று டாக்டர் என்னிடம் வாசலில் வைத்துச் சொல்லியிருந்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அதைச் சொன்னேன். அழுதது நான்தான். அவர் என் கையை விடவில்லை.

"தம்பியை வரச்சொல்லி எழுதுவம்," என்றார் கடைசியில்.

யாழ்ப்பாணத்தில் இருந்த தம்பியோடு அவருக்கு எங்கள் கலியாணத்திலிருந்தே பேச்சு வார்த்தை இல்லை. என்னைக் கட்டியது அந்த வீட்டில் ஒருவருக்கும் பிடித்திருக்கவில்லை. தம்பி வருவார் என்று நான் நம்பவுமில்லை. வந்தார். காகிதக்கடை நண்பர் கப்பலடிக்குப் போய் அழைத்துவந்து, "தங்கச்சி, உங்க கொழுந்தனாரக் கூட்டியாந்துட்டேன்," என்று வாசலிலேயே நின்றுகொண்டார்.

சகோதரர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அடுப்படியில் இருந்தேன். தேத்தண்ணீர் கொண்டுபோனபோது தம்பி அவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "இருங்கோ அண்ணி," என்றார். அந்த வீட்டு மனிதர் ஒருவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை.

மாசி மாதம் அவர் போனார். தம்பிதான் கொள்ளி வைத்தார்.