ஈறு வீங்கிய ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பது. மகளை எழுப்பப் போனேன். தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தக்கறை. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் அவள் தலையணையைத் திருப்பிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. ஈறுதான்."

"எத்தினி நாளா?"

"மூணு மாசம் இருக்கும். ஒங்கிட்ட சொன்னனே."

சொன்னாள்தான். பிரஷ்ஷில் ரத்தம் வருகிறது என்று அப்போதே சொன்னாள். "பிரஷ் குத்துது போல, கொஞ்ச நாள் அத வுட்டுட்டு விரல்ல உப்பு தொட்டுத் தேய்" என்றேன். புண்ணான இடத்தைச் சும்மா விடவேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டு வைத்தியம். அந்தக் 'கொஞ்ச நாள்' எப்போது முடிகிறது என்று சொல்ல மறந்துவிட்டேன். பட்டம் வாங்கியவள், அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் நான். அவளோ, எதற்கும் என்னை எதிர்த்துப் பேசுகிறவள், இதில் மட்டும் சொன்னபடி கேட்டிருக்கிறாள். மென்று தின்ன முடியவில்லை என்றபோது ரொட்டியைச் சர்க்கரைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்ததும் நான்தான்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. லாஸ்பேட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. சிறு வயதிலிருந்தே பருமன். என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறும்போது, "முன்னாடி சாஞ்சுக்கம்மா, வண்டி மூக்கத் தூக்கிடும்" என்று அவளே கேலி செய்வாள். ஆனால் போன வருடம் முழங்கால் வலி என்று போன இடத்தில், காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "மொதல்ல எளச்சிட்டு வா" என்றார் ஒரு மருத்துவர். அன்றிலிருந்து எந்த மருத்துவரிடமும் வரமாட்டாள்.

"இதுக்கும் என் ஒடம்பத்தான் சொல்லுவாங்க. நான் வரல."

"பல்லுக்கும் ஒடம்புக்கும் இன்னாடி சம்பந்தம்? அந்தப் பேச்சே வராது. வந்தா அப்பவே எழுந்து வந்துடலாம்." வாக்குக் கொடுத்துத்தான் அழைத்துப் போனேன்.

குருசுக்குப்பம் போகும் வழியில் ஞாயிறும் திறந்திருக்கும் ஒரு பல் மருத்துவமனை. "டாக்டரம்மா சர்ச்சுல பூசைக்குப் போயிருக்காங்க, ஒம்பதரைக்கு வந்துடுவாங்க" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். பத்தாகியும் வரவில்லை. மகள் இரண்டு தடவை எழுந்துவிட்டாள். இரண்டாம் தடவை துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"வுடும்மா. இந்தச் சேரே என்னப் பாத்து பயப்படுது."

"அது பயப்படட்டும். நீ உக்காரு."

ஈறில் ரத்தம் என்று செல்போனில் தேடினால் ரத்தப் புற்றுநோய் என்றே வந்தது. போனைப் பைக்குள் போட்டேன். இன்று எழுந்து போனால் இவள் இனி யாரிடமும் வாயைத் திறந்து காட்டமாட்டாள்.

பத்தேகாலுக்கு டாக்டர் வந்தார். பட்டுப்புடவைமேல் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பல்லாக நிதானமாகப் பார்த்தார். பார்த்து முடித்ததும் மகளே கேட்டுவிட்டாள்.

"நான் குண்டா இருக்கறதாலயா டாக்டர்?"

"அதுவும் ஒரு காரணந்தான்."

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மகள் எழவில்லை.

"திட்டறன்னு நெனைக்காத, கேளு," என்றார் டாக்டர். "பல்லோரம் அழுக்கு சேந்தா கிருமி வரும். அது யாருக்கும் வரும். அத வெரட்டத்தான் ஈறு வீங்குது. ஆனா ஒடம்புல இருக்கற கொழுப்பு சும்மா உக்காந்திருக்கறதில்ல. வீக்கத்தத் தூண்டற சில பொருளுங்கள ரத்தத்துல வுட்டுக்கிட்டே இருக்கும். அதனால ஒடம்பு எப்பவும் லேசா சண்டைக்கு நிக்கும். கொஞ்சம் கிருமி வந்தாலும் அதிகமா வீங்கும். கிருமியும் ஒழுங்கா சாவாது, நடுவுல ஈறும் அடி வாங்கும், ஆறவும் நாளாவும். அப்ப நீ மத்தவங்களவிட நல்லா தேய்க்கணும் இல்ல? பிரஷ்ஷையே தொடல போலருக்கே?"



"நானாத்தான் வுட்டுட்டேன் டாக்டர்," என்றாள் மகள். என் பக்கம் திரும்பவேயில்லை.

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பல்லு எதுவும் ஆடல. எதுக்கும் ரத்தத்துக்கும் சர்க்கரைக்கும் டெஸ்ட் எழுதறேன், பயப்படற மாதிரி இல்ல. பையக் கீழ வச்சிட்டு உக்காருங்கம்மா. சுத்தம் பண்ண முக்கா மணி நேரம் ஆவும்."