காகிதத்தோடு நின்ற தெரு

மனை பார்க்கப் போன அன்று அப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், தரகர் இருந்தார், நானும் இருந்தேன். அம்மா மட்டும் இல்லை. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊரான போடி, ராசிங்காபுரம் பக்கமாக வளர்ந்துகொண்டிருந்தது. கடலைக் காடுகளில் வெள்ளைக் கல் நட்டு கலர் கொடி கட்டியிருந்தார்கள். தரகர் மனைப் படத்தை விரித்ததும் பெரியவர்கள் இருவரும் அதை என் பக்கம் தள்ளினார்கள். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரே ஆள், ஐந்தாம் வகுப்பு படிக்கும் நான்தான்.

“அப்பு, நம்ம தெரு எங்குட்டுப் போகுதுன்னு பாரு. ஒங்காத்தா தோட்டத்து ஜீப்புக்குப் போகணும்ல” என்றார் அப்பா.

தெருவின் இரண்டு கோடுகளும் ஓரம்வரை போய்க் காகிதத்தோடு நின்றிருந்தன. காகிதம் தீர்ந்தாலும் தெரு தீராது என்பது என் கணக்கு. எதிரே வெறும் கடலைக் காடு, அதற்கப்பால் மெயின் ரோடு.

“நேரா ரோட்டுக்குப் போகுதுப்பா” என்றேன்.

தரகர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “அண்ணே, பய கலெக்டராத்தான் வருவான்” என்றார். சித்தப்பா எனக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம், அம்மா விடியற்காலையில் அந்தக் காட்டைக் குறுக்கே கடந்து ஐந்தே நிமிடத்தில் தோட்டத்து ஜீப்பைப் பிடித்தாள்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், தெருக்கோடியில் ஆள் உயரத்துக்கு மேல் சிமெண்டுப் பலகைச் சுவர். காலையில் அது இல்லை. வாய் பிளந்து நிற்கும்போதே அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

“அப்பு! நம்ம தெருவக் காணோம்டா!”

“இங்கதாம்மா இருக்கு!”

“அப்ப நான் எங்கடா நிக்கிறேன்?”

வீட்டுக்கு இருபது தப்படித் தூரத்தில் நின்றவள், தூக்குச்சட்டியை மட்டும் சுவருக்கு மேலே வீசிவிட்டு, கண்மாய்க் கரையைச் சுற்றி முக்கால் மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தாள்.

விடியுமுன் இருட்டில் கண்மாய்க் கரையில் நடக்க முடியாமல், மறுநாள் அவள் போவதற்குள் ஜீப்பு போய்விட்டது. அதற்கு மறுநாளும். “அக்கா, வெரசா வர முடியலைன்னா ஒங்க எடத்துல வேற ஆள ஏத்திக்கிறவா?” என்று டிரைவர் போனில் கேட்டார். வீட்டுக் கடனே அவள் கூலியில்தான் ஓடியது.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு, சுவர் வைத்த பக்கத்துக் காட்டுக்காரரிடம் போனார். அவர் தன்னுடைய மனைப் படத்தை விரித்தார். “ஒங்க தெருவுக்கு நேரா வர்றது என் பதினேழாம் நம்பர் மனை. இதுல வழி எங்கய்யா இருக்கு?”

“எம்பய படிச்சுச் சொன்னான்யா.”

“அவன் படிச்சது ஒங்க படம். இது எம்படம்.”

இரண்டு படத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்த ஆள் ஊரில் ஒருவர்கூட இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. படத்தைப் படித்தது யார் என்று அம்மாவிடம் சொல்லவும் இல்லை. கேட்டபோதெல்லாம், “நான்தான் சரியா விசாரிக்காம விட்டேன்” என்றார். நான் தப்பித்துக்கொண்டேன் என்றுதான் அன்று நினைத்தேன். என் படிப்பின் மேல் அம்மா வைத்திருந்த நம்பிக்கையை அவர் காப்பாற்றினார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

அம்மா மறுபடி ஜீப்பைப் பிடிப்பதற்காகப் பதினேழாம் மனையின் ஓரத்தில் நாலடி அகலத்துக்கு ஒரு நடைபாதையை எங்கள் பேருக்கு எழுதி வாங்கினோம். அவள் காதுத் தோடு விற்ற பணத்தையும் சேர்த்து, ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.