யார் பக்கத்து நாடி

எண்பத்தாறாம் வருடத்து மாரிக் குளிரில், பதின்மூன்று வயது மகளின் முகவாய் நீண்டு, கீழ்ப்பற்கள் மேற்பற்களைத் தாண்டி முன்னால் வந்து நின்றன. கனடாவில், மல்வேர்னில் எங்களோடு இருந்த என் மனைவியின் தம்பி, சோற்றுக் கோப்பையிலிருந்து தலை நிமிர்த்தாமலே தீர்ப்புச் சொன்னான்.

"உது உங்கட பக்கத்து நாடி, அத்தான். எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் உப்பிடி இல்லை."

கண்ணாடியில் என் நாடியைப் பக்கவாட்டில் பார்க்க முயன்று கழுத்துச் சுளுக்கியதுதான் மிச்சம்.

பல் டொக்டர் ஆறுதல் சொல்வார் என்று போனால், பாடம் எடுத்தார். மேல்தாடை முதலில் வளர்ந்து ஓய்ந்துவிடுமாம். கீழ்த்தாடை அப்படியில்லை, காதடி மூட்டில் எலும்பு வளர வளர, நாடி முன்னுக்குத் தள்ளப்படும். பதினேழு, பதினெட்டு வயதுவரைகூடப் போகலாம். நின்ற பிறகுதான் ஒப்பரேஷன் வேண்டுமா என்று சொல்ல முடியும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்தால் கூட்டிவரச் சொன்னார். மகள் என்னை முறைத்தாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அத்தனை வருடம் சும்மா இருக்கிற ஆளா நான்? மென்றால் எலும்பு உரமேறும் என்று சூயிங்கம்மைத் தடைசெய்தேன். ஒருநாள் அவள் டிவி பார்த்துக்கொண்டிருக்க, என் மஃப்ளரை நாடிக்குக் கீழே கொடுத்து உச்சியில் முடிச்சுப் போட்டேன்.

"செத்த ஆளுக்குக் கட்டுற மாதிரி உயிரோட இருக்கிற பிள்ளைக்குக் கட்டுறியளோ?" என்றாள் மனைவி. மகள் அதை அவிழ்த்து என் முகத்தில் எறிந்தாள்.

"இனி என்னைப் பார்க்காதீங்கோ, அப்பா."

அதன்பிறகு வீட்டில் என்னோடு கதைத்தது ரேடியோ மட்டும்தான்.

அந்த மாதமே மச்சானுக்குப் பாண் ரொட்டி சுடும் பேக்டரியில் வேலை கிடைத்தது. தாடி கூடாது என்றார்கள். எங்கள் கல்யாணத்தில் அவன் சின்னப் பொடியன், நாடியும் சின்னது. கனடாவில் வந்திறங்கியது தாடியோடு. குளியலறையிலிருந்து மழித்துக்கொண்டு வந்தான். தாடி போன இடத்தில் என் மகளின் நாடி நின்றது, இன்னும் வளர்ந்து.

"ஒருத்தருக்கும் இல்லையோ?" என்றேன். மனைவி துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தாள். அதற்குமேல் நக்கலடிக்க எனக்கு மனம் வரவில்லை. மகளின் நாடி போகக்கூடிய தூரம் மச்சானின் முகமாய் எனக்கு முன்னால் நின்று முறைத்தது.

மகள் மட்டும் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"மாமா, ஒப்பரேஷன் செய்தீங்களா?"

"இல்லை."

"அப்பிள் கடிப்பீங்களா?"

"பக்கத்தால கடிப்பன்" என்றவன், குளிருது என்று என் மஃப்ளரை எடுத்து மூக்குவரை சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டான்.

"அடுத்தமுறை டொக்டரிட்ட மாமா வரட்டும்" என்றாள் அவள். "மஃப்ளர் இல்லாமல். அப்பா வீட்டில நிக்கட்டும்."