டெலியா ருவேன் கேட்காத கையெழுத்து

அயர்லாந்தில், மேயோ மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கடலை ஒட்டிய எங்கள் சிற்றூரில் டெலியா ருவேனைத் தெரியாதவர்கள் கிடையாது. அரசாங்கத்துக்குத்தான் அவரைத் தெரியவில்லை. சட்டைத் தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை பார்த்தார். பிறகு கல்யாணம், ஐந்து பிள்ளைகள், நாற்பது ஆடுகள், எட்டு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியார். இதற்கெல்லாம் ஸ்டாம்ப் விழாது. கூலிக்கு வேலை பார்த்த ஒவ்வொரு வாரத்துக்கும் பெயரில் ஏறும் பதிவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அறுபத்தாறு வயதில் சொந்தப் பென்ஷன் வேண்டுமென்றால் பத்து வருடத்து ஸ்டாம்ப் வேண்டும். டெலியாவிடம் மூன்று வருடத்துக்குத்தான் இருந்தது.

2003 வசந்தத்தில் அவருக்கு ஐம்பத்திரண்டு. அரசுப் படிவங்கள் நிரப்ப உதவும் தகவல் நிலையத்தில் நான் வேலை பார்த்தேன்; அங்கே வந்து, என் ஜன்னல் எதிரே உட்கார்ந்தார்.

"ஏம்மா, இந்த வயசுல படிக்கப் போறவளுக்கும் அரசாங்கம் பணம் குடுக்குதாமே, நெசமா?"

ஊர்ப் பள்ளியில் பேச்சு வராத பிள்ளைகளுக்கு உதவியாக வாரத்தில் இரண்டு காலை சும்மாவே போய்க்கொண்டிருந்தார். ஒரு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கி வந்தால் அந்த வேலையைச் சம்பளத்தோடு தருவதாகத் தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். கல்லூரி முப்பது மைல். உதவித்தொகை இல்லாமல் பஸ்ஸுக்கும் கட்டணத்துக்கும் வழியில்லை. வேலை கிடைத்தால் அறுபத்தாறுக்குள் ஸ்டாம்ப் நிறைந்துவிடும்.

ஆனால் தன் பெயரில் அரசு உதவி வாங்குகிறவருக்குத்தான் படிப்புத் தொகை. அந்த வீட்டுக்கு வரும் உதவி கணவர் பாட்சியின் பெயரில் வந்தது. டெலியா அதில் சார்ந்திருப்பவர். ஒரே ஒரு வழி இருந்தது. பாட்சி தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் தொகை டெலியா பெயருக்கு வரும். பாட்சி அவரைச் சார்ந்திருப்பவர் ஆவார்.

"அப்ப பாட்சி என்னோட உதவிப்பணப் புத்தகத்துல வருவானா?"

"ஒரு வருஷத்துக்குத்தான்."

"இந்த ஊருக்குச் சிரிக்க ஒரு வாரம் போதும்மா."

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. புதன்கிழமை தபால் நிலையத்தில் ஆண்கள் வரிசையில் நின்று உதவிப்பணம் வாங்குவார்கள். போன வருடம் மார்ட்டின் லாவெல் இப்படித்தான் மனைவிக்கு மாற்றிக்கொடுத்தார். கடிதம் போட வந்த அவரை வரிசை விடவில்லை.

"என்ன மார்ட்டின், பொண்டாட்டி மிட்டாய்க்குக் காசு குடுத்தாளா?"

"அவன ஏண்டா கேக்குற, பாவம், அவகிட்ட அனுமதிச் சீட்டு வாங்கிட்டுத்தான் வீட்ட விட்டு வந்திருப்பான்."

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது பாட்சி. பார்சலோடு பின்னால் நின்ற டெலியா அதைக் கேட்டார்.

நான் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். வகுப்பு தொடங்கும் முன் சேர்க்க வேண்டும். செப்டம்பர் வரை நாள் இருந்தது. நான் வேறு நாட்டிலிருந்து வந்த வந்தேறி, அரசாங்கக் காகிதத்தில் தப்பு வந்தால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். பாட்சி மனசில்லாமல் போடும் கையெழுத்து நாளைக்கு என் தலையில் விடியுமோ என்று பயந்தேன். "அவசரப்படாதீங்க, நல்ல நேரமா பாத்துக் கேளுங்க" என்றேன்.

நல்ல நேரம் வரவில்லை. மே மாதம் அடுப்புக்காகச் சதுப்பு நிலத்தில் கரி வெட்டி முதுகு வலியோடு வந்த மனிதரிடம் கேட்க முடியாது. பிறகு ஆடுகளுக்கு ரோமம் வெட்ட வேண்டியிருந்தது. ஜூலை முழுக்க மழை.

"கேட்டீங்களா?"

"புல்லு காயட்டும்மா."

ஆகஸ்டில் பாஸ்டனிலிருந்து பாட்சியின் தம்பி வந்து மூன்று வாரம் தங்கினார். "அவன் முன்னாடியா கேப்பேன்?" என்றார் டெலியா. அவர் இல்லாமலே வகுப்பு தொடங்கிவிட்டது.

நவம்பரில், ஆட்டுக் காகிதங்களைத் தேடி அலமாரியைக் கிளறிய பாட்சியின் கையில் அந்த விண்ணப்பம் கிடைத்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"இதுல என் பேரு இருக்கு. இப்ப கையெழுத்துப் போட்டா செல்லுமா?"

"வகுப்பு ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆயிடுச்சு, பாட்சி."

"என்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே."

"மார்ட்டினப் பாத்து நீங்க சிரிச்சீங்கன்னு அவங்க..."

"சிரிச்சேன். வரிசைல நிக்கிறவன் வேற என்ன செய்வான்? என்னையும் பாத்துச் சிரிச்சிருப்பானுங்க. அதுக்கு நான் செத்தா போயிடுவேன்?" காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "சரி, அடுத்த வருஷத்துக்கு எழுது."

பேனாவை எடுத்தேன். அப்போதுதான், ஏப்ரலில் என் கையாலேயே எழுதிய அவருடைய பிறந்த தேதியை ஒழுங்காகப் பார்த்தேன். வருகிற மே மாதம் அவருக்கு அறுபத்தாறு. அவர் பென்ஷனுக்குப் போய்விடுவார். பென்ஷனிலிருந்து இப்படி மாற்றிக்கொள்ள வழி கிடையாது. மாற்றிக்கொள்ளக்கூடிய செப்டம்பர், கடந்துபோன அது ஒன்றுதான் இருந்திருக்கிறது.

சொன்னேன். செல்லாது என்று தெரிந்தும், அவர் என்னிடமிருந்து பேனாவை வாங்கித் தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பள்ளி வேலை அந்த வகுப்பில் படித்து வந்த வேறொரு பெண்ணுக்குப் போனது. அவள் சேரும்வரை டெலியா சும்மாவே போய்வந்தார்.

2017-ல் டெலியாவுக்கு அறுபத்தாறு ஆனபோதும் அவருக்கென்று வந்தது பாட்சியின் பென்ஷனில் மனைவிக்காகச் சேர்த்த பங்குதான். அதற்கான காகிதத்தையும் நான்தான் நிரப்பினேன். என்னவோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ என்னம்மா பண்ணுவ," என்றார் டெலியா. "நாந்தான கேக்கல."

அவசரப்பட வேண்டாம் என்று சொன்னது யார் என்பது அவருக்கு மறந்துவிட்டதா, மறக்காமலேதான் அப்படிச் சொன்னாரா, தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.