கமிட்டிக்குப் போன இரண்டு தாள்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில், புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் கோபால்ட் மெஷினை இயக்கும் வேலை எனக்கு. கோபால்ட் நாளாக ஆக வீரியம் இழக்கும். முன்பு ஐந்து நிமிடத்தில் முடிந்த சிகிச்சை அப்போது பத்து நிமிடம் பிடித்தது. முதலியார்பேட்டை மில் தொழிலாளி ஒருவர், தொண்டையில் கட்டியோடு, எச்சில்கூட விழுங்காமல் அசையாமல் படுத்திருப்பார்.

ஒருநாள் எங்கள் தலைமை டாக்டர் கூப்பிட்டார். கோபால்ட் இல்லாமல் மின்சாரத்திலேயே கதிர் உண்டாக்கும் புது மெஷின் வாங்கலாமா என்று மருத்துவமனைக் கமிட்டி கேட்கிறதாம்.

"நீங்கதாம்மா தெனம் மெஷினோட இருக்கீங்க. நல்லது கெட்டது ரெண்டையும் எழுதிக் குடுங்க. கெட்டத மறைக்காதீங்க, அப்பதான் நம்புவாங்க."

ஏழு வருடம் அவரோடு வேலை பார்த்தவள். நம்பி எழுதினேன். நேரம் குறையும், ஆழத்தில் இருக்கும் கட்டிக்கும் கதிர் எட்டும், தோல் அவ்வளவாகக் கருகாது, அதனால் வாங்கலாம் என்று இரண்டு பக்கம். கரண்ட் நிலையாக இருக்காது, பழுதானால் என்ஜினியர் பம்பாயிலிருந்து வர வேண்டும், அதுவரை சிகிச்சை நிற்கும் என்று இரண்டு பக்கம். மில்காரரிடம்கூட, "புது மெஷின் வரும்ங்க" என்று சொல்லிவைத்தேன்.

கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார்கள். கமிட்டித் தலைவர் கையில் இரண்டே தாள். சிரமங்கள் மட்டும்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமாங்க."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாயெடுப்பதற்குள் மெஷின் வேண்டாம் என்று முடித்து அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் அவரைப் பொய்யராக்க எனக்குத் துணிவில்லை.

வராந்தாவில் கேட்டேன். "அந்த ரெண்டு பக்கம் எங்க டாக்டர்?"

"மெஷின் வந்தா அத நிறுவி ஓட்டிக் குடுக்க ரெண்டு வருஷமாவது நான் இங்க இருக்கணும்மா. பசங்க பாரிஸ்ல இருக்காங்க. எனக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கு. இந்த வருஷமே கெளம்புறேன்."

"அத நீங்களே சொல்லியிருக்கலாமே."

"நான் வேணாம்னா ஏன்னு கேப்பாங்க. நீங்க எழுதினா கேக்க மாட்டாங்க."

குரலில் தயக்கமே இல்லை. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

மறுநாள் மில்காரர் சிகிச்சை மேசையில் படுத்துக்கொண்டே கேட்டார். "புது மெஷின் என்னாச்சும்மா?"

"வரலிங்க."

"யாரு வேணான்னது?"

"நான் எழுதினதப் பாத்துத்தான் வேணான்னாங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பி, கழுத்தைக் காட்டினார். மிச்சமிருந்த நாட்களில் என்னிடம் அவர் பேசவில்லை.

டாக்டர் சொன்னபடியே போனார். வழியனுப்பு விழாவில் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்றேன். உண்மையில் காத்திருந்தார்கள். அந்தப் பழைய மெஷினுக்குப் புது கோபால்ட் வர மேலும் இரண்டு வருடம் ஆனது.